ஒற்றை மூலக்கூறின் அடியை அளப்பது எப்படி?

செல்லுக்குள் சரக்குச் சுமக்கும் கைனசின் புரதம் வழுக்கிச் செல்கிறதா, அடியெடுத்து நடக்கிறதா? கோடிக்கணக்கான மூலக்கூறுகளைச் சேர்த்து அளந்தால் சராசரிதான் கிடைக்கும். தனித்தனி அடிகள் அதில் மறைந்துவிடும். அதனால்தான் அமெரிக்க உயிர் இயற்பியலாளர் ஸ்டீவன் பிளாக் ஒற்றை மூலக்கூறை நாடினார்.

எப்படி? கைனசின் ஒட்டிய நுண்ணிய சிலிக்கா மணியை, ஆர்தர் ஆஷ்கின் கண்டுபிடித்த ஒளி இடுக்கியால் அவரது குழுவினர் பிடித்தார்கள். குவிந்த லேசர் மணியைத் தன் மையத்துக்கு இழுக்கும். கைனசின் எதிர்த்து இழுத்து நகரும். மணியின் நகர்வை அளந்ததில், அது அடியெடுத்தே நடக்கிறது, ஓர் அடி 8 நானோமீட்டர் என 1993-இல் தெரிந்தது.

டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் அடியோ வெறும் 0.34 நானோமீட்டர். காற்றின் சலனமே லேசரைத் தடுமாற வைக்கும். ஒளியை மிகக் குறைவாக வளைக்கும் ஹீலியத்தை லேசரின் பாதையில் நிரப்பி, 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் பிளாக்கின் குழு அதையும் அளந்தது.