ஒரே தந்தை, இரு தூம்பா

மாற்கு நற்செய்தியின் மூன்றாம் பிரிவில் ஒரு காட்சி வருகிறது. ஆண்டவர் ஒரு வீட்டில் இருக்கிறார். மக்கள் அவரைச் சூழ்ந்து அமர்ந்திருக்கின்றனர். தாயும் சகோதரரும் வெளியே நின்று ஆள் அனுப்புகின்றனர். அவரோ தம்மைச் சுற்றியிருப்போரைப் பார்த்து, இறைவனின் திருவுளத்தை நிறைவேற்றுவோரே தமக்குத் தாயும் சகோதரரும் என்கிறார். இப்பகுதி வாசிக்கப்படும் நாள்களில், அன்னை மரியாளுக்கு இதனால் இழிவில்லை என்று விளக்குவதிலேயே நம் மறையுரையைப் பலமுறை செலவிட்டிருக்கிறோம். சுற்றி அமர்ந்திருந்தோர் எத்தெருவினர், ஒருவரையொருவர் தொட்டு அமரக்கூடியவர்கள்தாமா என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே! இக்குடும்பத்தில் சேர ஒருவர் நம் மண்ணில் கொடுத்த விலையை நாம் அறிவோம். குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராக இருந்தார். 1741-இல் நடந்த குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அம்மன்னரின் படைக்கே தலைமை ஏற்ற டச்சுக்காரரான டிலனாய் அவருக்கு நண்பரானார். துன்பத்தால் மனம் நொந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பர். 1745-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று அழைக்கப்பெற்றார். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் திருச்சபையில் சேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இறையச்சம் அவர் திருமுழுக்கில் புதிதாகக் கற்றுக்கொண்டதன்று. வழிபாடும் நோன்பும் நிறைந்த வாழ்விலிருந்தே அவர் வந்தார். அவர் பக்தியோடு நின்றிருந்தால் ஒருவேளை பகை இத்துணை மூண்டிராது. ஆனால் சாதி வேற்றுமை பாராமல் அனைவரும் சமம் என்று வலியுறுத்தினார். எல்லாரோடும் கலந்து பழகினார். மேல்மட்டத்தாரின் சினத்தை மூட்டியது இதுவே என அவரது புனிதர் பட்டத்தின்போது திருச்சபை எடுத்துரைத்தது. 1749-இல் அவர் சிறைப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தடவினர் என்பது வழிவழி வந்த செய்தி. மூன்றாண்டுத் துன்பத்திற்குப்பின், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

இனி வடக்கன்குளத்திற்கே திரும்புவோம். அவருக்குத் திருமுழுக்குக் கிடைத்த அதே ஊரில், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், பெரியதோர் ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, ஆனால் மக்கள் அமரும் பகுதி கால்சட்டையின் இரு கால்களைப்போல் பிரிந்து, நடுவே சுவருடன் அமைந்தது. ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம். சாதிப் பெயர்களை நாம் எழுதப் போவதில்லை, அறிந்தோர் அறிவர். இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தை நோக்கி முழந்தாளிட்டனர். ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய தேவை மட்டும் இல்லை. இந்த ஏற்பாட்டிற்குக் குருக்களும் உடன்பட்டனர் என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மக்கள் மறையை விட்டுப் போய்விடுவார்களே என்று அவர்கள் அஞ்சியிருக்கலாம். 1910-ஆம் ஆண்டில்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து ஒரு சாரார் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பேரால் ஆலயத்தில் தனியிடம் என்ற கோரிக்கை அங்கும் ஏற்கப்படவில்லை. கிறிஸ்தவர்களுக்கு இதை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் பெற்றபோது அவர் ‘தேவசகாயம் பிள்ளை’. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வெறும் தேவசகாயம். சாதியைச் சுட்டும் பின்னொட்டை நீக்க வேண்டுமென்ற வேண்டுகோளுக்குப் பின்னரே அது நிகழ்ந்தது. இன்றும் சிலர் அதை விடாமல் ஒட்டிச் சொல்கிறார்கள். நாவின் பழக்கம் என்கிறார்கள்.

அன்றைய குருக்களைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா? குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் நாம் ஒரு பங்கில் பணியாற்றினோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பிணத்தை எடுத்துச் செல்ல இரண்டு தூம்பாக்கள் இருந்தன. ஒன்று ஆலயத்தின் பக்க அறையில், வண்ணம் பூசி, துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று கீழத்தெருச் சிற்றாலயத்தின் பின்னே, ஓலைச்சாய்ப்பில். ஒரு நாள் கீழத்தெரு இளைஞர் ஒருவர் வந்தார். முந்தின இரவு அவருடைய தாய் இறந்திருந்தார். நாள் தவறாமல் திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் தரையில் அமர்ந்த மூதாட்டி. பெரிய தூம்பாவில் அம்மாவை எடுத்துச் செல்லலாமா என்று அவர் கேட்டார். ஊரின் அமைதி கெட்டுவிடும், இன்று வேண்டாம் என்றோம். “சரி சாமி” என்று அவர் போய்விட்டார். அன்று மாலை அடக்கத் திருப்பலியில் வானகத் தந்தையை நோக்கிய செபத்தை நாமே முன்னின்று சொன்னோம். அச்செபத்தில் ‘என்’ என்ற சொல்லே இல்லை, எல்லாம் ‘எங்கள்’தான்.

புனிதர் பட்ட விழாவைத் தொலைக்காட்சியில் கண்ட பின், அவரைத் தேடிச் சென்றோம். தலை நரைத்திருந்தது. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார். அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நாமே எடுத்து மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அதை விடுங்க சாமி. அம்மா போய்ச் சேர்ந்திருப்பா. ஆனா தூம்பா இன்னும் ரெண்டுதான் இருக்கு.”