உங்களுக்குத் தெரியுமா? அடக்கி வைக்கும் அணுக்கள்

● கிருமியை விரட்ட வேண்டிய வெள்ளை அணுக்களே மூட்டையும் கணையத்தையும் தாக்கினால்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். முடக்குவாதம், லூபஸ், முதல் வகை சர்க்கரை நோய் எல்லாம் இந்த ரகம். எல்லோருக்கும் இவை வராததற்கு ஒரு முக்கியக் காரணம், ரத்தத்திலேயே இருக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள். சுருக்கமாக ‘டிரெக்’.

● பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சின் தைமஸ் சுரப்பியை எடுத்தால் எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதானே நினைப்போம்? குஞ்சின் உடல் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கியது! தாக்குதலை அடக்கும் செல்கள் தைமஸிலிருந்து வருகின்றன என்பதற்கு அது ஒரு தடயம். ‘அடக்கும் செல்’ என்ற பேச்சையே மற்றவர்கள் கைவிட்ட பிறகும் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி விடவில்லை. 1995இல் அந்தச் செல்களை அடையாளம் காட்டினார்.

● அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், 1940களில், தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் செத்துப்போகும் ஆண் எலிக்குஞ்சுகள் பிறந்தன. அவற்றில் பழுதான மரபணு ஃபாக்ஸ்பி3 என்று மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் கண்டார்கள். டிரெக் செல்லுக்கு அதுதான் தலைமைச் சுவிட்ச் என்பது பிறகு தெரிந்தது.

● 2025 மருத்துவ நோபல் இந்த மூவருக்கும். சுவீடனிலிருந்து வந்த அழைப்பை ஸ்பாம் என்று நினைத்து எடுக்காமல் விட்டார் பிரன்கோ. ராம்ஸ்டெலோ மலைப்பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தார்!

● இப்போது டிரெக் செல்லையே மருந்தாக்கப் பார்க்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ‘கார்’ என்ற செயற்கை ஏற்பியை மரபணு வழியாகப் பொருத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுவார்கள். ஸ்டீராய்டு உடல் முழுவதும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். டிரெக் செல்லோ வீங்கிய இடத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்பதே கணக்கு. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று: கலகம் செய்யும் செல் எது என்று கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. அது இருக்கும் இடம் தெரிந்தால் போதும். முடக்குவாத மூட்டில் ‘சிட்ருலின்’ என்ற அமினோ அமிலம் கொண்ட புரதங்கள் மிகுதி. அவற்றைக் குறிவைக்கும் டிரெக் செல்லை, ராம்ஸ்டெல் இணைந்து தொடங்கிய சோனோமா பயோதெரபியூட்டிக்ஸ் நிறுவனம் நோயாளிகளிடம் சோதிக்கிறது.

● 2022இல் சிறுநீரக மாற்று நோயாளி ஒருவருக்கும் இத்தகைய செல்கள் ஏற்றப்பட்டன. தானமாக வந்த உறுப்பில் மட்டும் இருக்கும் ஒரு புரதமே அங்கே இலக்கு.

● ஜெர்மனியின் எர்லாங்கனில் 2021இல் லூபஸ் நோயாளியான இளம்பெண் குணம் கண்டது வேறு முறையில். அது ஆன்டிபாடி சுரக்கும் பி செல்களைக் கொல்லும் கார்-டி செல். டிரெக் கொல்லாது, அடக்கும். செய்திகளில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், கவனம்!

● டிரெக் சிகிச்சை இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. பெரிய கவலை, வீக்கத்தின் நடுவே இந்தச் செல் கட்சி மாறித் தானும் தாக்க ஆரம்பித்துவிடுமோ என்பது. அதற்காகவே சில குழுக்கள் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கூடுதலாக ஒன்று சேர்த்தே அனுப்புகின்றன.