மொழிக்குறி இருக்கிறது, மொழி சரியா?

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்தால் கடைப்பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். வீட்டுப் பேச்சு அவ்வளவு சுலபத்தில் மாறாது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. இப்படிப்பட்ட ஊருக்கான இணையப் பக்கத்தில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வர நியாயம் இருக்கிறது. பார்வையற்றவர் காதுக்கு அந்த மூன்றும் ஒழுங்காகப் போய்ச் சேருமா?

திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. போன்ற ஸ்கிரீன் ரீடர்கள், பக்கத்தின் நிரலில் உள்ள மொழிக்குறியைப் பார்த்தே எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கின்றன. தமிழ் வரிக்கு ‘ஆங்கிலம்’ என்று குறி போட்டிருந்தால், குரலைப் பொறுத்து எழுத்தெழுத்தாக உளறும், அல்லது பேசாமல் தாண்டிப் போகும். டெம்ப்ளேட்டோடு வந்த குறியை யாரும் மாற்றாமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

மாற்றுத்திறனாளிகள் பக்கத்தைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கும் அணுகல் சோதனைக் கருவி இதைப் பிடிக்க வேண்டாமா? டீக்யூ நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆக்ஸ்-கோர் முதலான கருவிகள் இரண்டு கேள்வி கேட்கும்: குறி இருக்கிறதா, அது செல்லுமா. இரண்டுக்கும் ஆம் என்றால் தேர்ச்சி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே எழுத்தில் புழங்கும் நாட்டில் குறி தவறு என்று கண்டுபிடிப்பது சிரமம்தான். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. யுனிகோடில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனியே 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். எழுத்தும் குறியும் பொருந்துகின்றனவா என்று சில வரி நிரலில் சோதித்துவிடலாம். (தமிழை மலையாள எழுத்தில் எழுதினால் கருவி ஏமாறும். எல்லையோரத்தில் அதுவும் நடக்கும்.)

ஆனால் பொருந்தாததையெல்லாம் பிழை என்று அலறக் கூடாது. மலையாளப் பக்கத்தில் தமிழில் ஓர் ஆள்பெயர் வந்தால் தனிக்குறி தேவையில்லை என்று உலக அணுகல் விதிகளே விலக்குத் தருகின்றன. நூறு பொய் எச்சரிக்கை கொடுக்கும் கருவியை நிரலாளர் இரண்டாம் நாளே அணைத்துவிடுவார். ஆக்ஸ்-கோர் சந்தேகமானவற்றை ‘மனிதர் பார்க்க வேண்டியவை’ என்று தனியே ஒதுக்குகிறது. அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

1996இல் வந்த ‘பாபி’ என்ற அணுகல் சோதனைக் கருவி, தேறிய தளங்களுக்கு ஒரு முத்திரை தந்தது. முத்திரை வந்தால் ஆசையும் வரும். பயனரை மறந்து அதைத் துரத்தியவர்கள் உண்டு. 2017இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு, வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு பக்கம் தயாரித்துப் பல கருவிகளை அதன்மேல் ஏவியது. எதுவும் பாதியைத் தாண்டவில்லை. கடைசித் தேதியை அச்சடித்த படத்துக்கு ‘அறிவிப்பு’ என்று மட்டும் மாற்றுரை (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் எழுத்து) எழுதியிருந்தால் கருவிக்குத் திருப்தி. தேதி தெரியாமல் நிற்பவர் விண்ணப்பதாரர்.

டிஜிட்டல் அணுகல், அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி கருவிகளின் சோதனை அறிக்கைகள் குவியும். அவற்றோடு, ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் நெய்யாற்றின்கரைத் தமிழர் ஒருவரிடம் ஓய்வூதிய விண்ணப்பத்தைக் கொடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒப்புகை எண் வரை தனியாக முடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். கேப்சாவுக்கு ஒலி வடிவம் இருப்பதாகக் கருவி குறித்திருக்கும். அந்த ஒலி எந்த மொழியில் வருகிறது என்பதை அவர்தான் சொல்வார்.