கல்தூசும் நமது நுரையீரலும்

வேலைத்தலத்துத் தூசினால் வரும் நுரையீரல் நோய்கள் பல. நிலக்கரித் தூசு, பஞ்சுத் தூசு, அஸ்பெஸ்டஸ் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைத் தரும். அவுஸ்திரேலியாவில் அண்மைக் காலத்தில் இளவயதினரையும் தாக்கியது சிலிக்கோசிஸ் என்னும் நோய். குசினி மேடைகளுக்குச் செயற்கைக் கல் வெட்டியவர்கள் பலர் இதற்கு ஆளானார்கள்.

கருங்கல்லில் சிலிக்கா ஏறக்குறைய 30 வீதம். செயற்கைக் கல்லிலோ 90 வீதத்துக்கு மேலும் இருக்கலாம். ஆகவே 2024 ஜூலை 1 முதல் அதன் உற்பத்தியும் விற்பனையும் பொருத்துதலும் இங்கே தடை செய்யப்பட்டன. ஆனாலும் கொங்கிறீட், செங்கல், டைல்ஸ், மணற்கல் ஆகியவற்றிலும் சிலிக்கா உண்டு. வீட்டில் ஏற்கெனவே உள்ள மேடையால் ஆபத்தில்லை. அதை வெட்டும்போதும் துளைக்கும்போதுமே ஆபத்து.

நோய் எப்படி உண்டாகிறது?

பெரிய தூசை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசு காற்றுப்பைகள் வரை சென்றுவிடும். அங்குள்ள காவற் கலங்கள் அதை விழுங்கி, அழிக்க முடியாமல் தாமே இறந்துபோகின்றன. அந்த இடங்களில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் சரிவர விரியாது.

வழக்கமாக 10 ஆண்டுகளுக்குப் பின்னரே நோய் வெளிப்படும். தூசு மிக அதிகமானால் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். வேலையை விட்ட பின்பும் வளரலாம். குணமாக்கும் மருந்து இல்லை. காசநோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவை வரும் வாய்ப்பும் கூடுகிறது.

அறிகுறிகள் யாவை?

ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. பின்னர் விடாத இருமல், படியேறும்போது இளைப்பு, களைப்பு ஆகியன தோன்றும். ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலருடன் காலம் கடத்துவோரும் உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாதது சி.டி. ஸ்கானில் தெரியலாம்.

வேலையைச் சொல்லுங்கள்

அகதிகளாக வந்த நாம் கிடைத்த வேலையைச் செய்தே தலைநிமிர்ந்தோம். வேலை போய்விடும், விசாவுக்குப் பாதகம் வரும் என்ற பயத்தில் இருமலை மறைப்பவர்களையும் நாம் அறிவோம். வைத்தியர் கேட்காவிட்டாலும், முன்னர் செய்த வேலைகள் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் அனுமதியின்றிக் குடும்ப வைத்தியர் முதலாளிக்கு அறிவிக்கமாட்டார். மொழி தடையானால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நோய் உறுதியானால், வேலையை விட்டவரும் நட்டஈடு கோர இடமுண்டு.

தற்காப்பு

• கல்லைக் காய்ந்தபடி வெட்டாதீர்கள். தண்ணீர் பாய்ச்சியும் தூசு உறிஞ்சும் கருவி பொருத்தியும் வெட்டவேண்டும்.
• துணி முகமூடி போதாது. முகத்துக்குப் பொருந்துகிறதா எனச் சோதித்த சுவாசக் கவசம் தேவை. தாடி இருந்தால் அது இறுக்கமாகப் பொருந்தாது.
• தூசைக் காய்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள்.
• வேலை உடுப்புடன் வீடு திரும்பாதீர்கள்.
• புகைத்தலை நிறுத்துங்கள்.

சிலிக்காத் தூசில் ஆபத்தான வேலை செய்பவருக்கு மருத்துவப் பரிசோதனை செய்விப்பதும், அதன் செலவை ஏற்பதும் முதலாளியின் சட்டக் கடமை. அதைக் கேட்பது உங்கள் உரிமை. இருமல் வரும்வரை காத்திராமல் இன்றே கேளுங்கள்.