அக்காவை யாரும் கேட்கவில்லை

நகரியில் எங்கள் தெருவில் பொழுது விடிவதே விசைத்தறிச் சத்தத்தோடுதான். அந்தச் சத்தத்திலேயே அறுபது வருடம் வாழ்ந்த என் அக்கா, மகன் குடும்பத்தோடு இருக்கலாம் என்று பெங்களூருக்குப் போனாள். எட்டாவது மாதம் ஒரு பையோடு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

பேரன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். பாட்டி கொடுக்கும் செல்லம் என்றாள் மருமகள். மருமகளின் அதட்டல் என்றாள் அக்கா. குடும்ப ஆலோசகர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் பையனிடம் இங்கிலீஷிலும் மருமகளிடம் தெலுங்கிலும் பேசியிருக்கிறார். அக்காவுக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத் தெலுங்கு வரும். துக்கத்தைச் சொல்கிற அளவுக்கு வராது.

"மூணு தரம் போனோம்டா. மூணு தரமும் வெளியே பெஞ்சில உட்கார வச்சாங்க. என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கல" என்று அழுதாள்.

அந்த வாரம்தான் திருப்பதியில் பி.ஏ. முடித்த என் மகள், எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டுக் குடும்ப சிகிச்சையில் பயிற்சி பெறப்போவதாகச் சொன்னாள். "வீட்டுச் சண்டையைத் தீர்க்க ஒரு படிப்பா? பெரியவங்க இல்லையா?" என்றேன். "அத்தையைப் பாத்துட்டுமா கேக்கறீங்க, அப்பா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பிறகு விசாரித்தேன். இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளோடு உறவினர்களையும் வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்குவது நெடுநாள் வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸில் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறவே தனிப் பிரிவு உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் சால்வடார் மினுச்சின் என்ற மருத்துவர், ஏழைக் குடும்பங்களுக்கு உதவ அதே பேட்டைக்காரர்களையே தேர்ந்து பயிற்சி கொடுத்தார். அந்தத் தெருவின் பேச்சும் பழக்கமும் அவர்களுக்குத்தானே தெரியும்?

படிப்பு என்றால் புத்தகம் மட்டுமல்ல. மூன்று தலைமுறை உறவுகளை ஒரே தாளில் வரைந்து, யாருக்கு யாரோடு நெருக்கம், யாருக்கு மனத்தாங்கல் என்று குறிக்கக் கற்கிறார்கள். மாணவர் ஒரு குடும்பத்தோடு பேசும்போது, அவர்கள் சம்மதத்தோடு, ஆசிரியர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்துத் திருத்துவதும் உண்டு. எந்தப் பக்கமும் சாயாமல் எல்லோரையும் பேசவைப்பதுதான் கடினமான பாடம். ஊர்ப் பெரியவர் தீர்ப்புச் சொல்வார். இவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை.

பெற்றோருக்கு ஒரு தகவல். எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு, மனநல சமூகப்பணியில் இரண்டு வருட எம்.ஃபில். என்பதே இதற்கு நம் நாட்டில் முக்கிய வழியாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது; பிறகு இந்தப் பிரிவுக்கு 2025-26 வரை சேர்க்கையை அனுமதித்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன், பயிற்சி இப்போது எந்தப் பெயரில் நடக்கிறது, அங்கீகாரம் உண்டா என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416 இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

அக்காவை மறுபடி அழைத்துப்போனோம், வேறோர் இடத்துக்கு. அங்கிருந்த பெண் நால்வரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, முதலில் அக்காவைப் பார்த்துத் தமிழில், "அம்மா, ஊரை விட்டு வந்தது எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். அக்கா பேசப் பேச மருமகள் அழுதாளாம். அவளும் பிறந்த வீட்டை விட்டு வந்தவள்தானே!

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகிறான், சில நாள் முரண்டு பிடிக்கிறான். அக்கா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே.

பிழைப்புக்காக மொழி மாறி வாழும் நம் குடும்பங்களில் டாக்டர்களும் என்ஜினீயர்களும் ஏராளம். நம் வீட்டுப் பாட்டியின் துக்கத்தை அவள் மொழியிலேயே கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால், நான் கேட்டதுபோல் கேட்டுவிடாதீர்கள். என் மகளின் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.