கணிப்பொறித் திரையில் கோடு: பழுது எங்கே, பொறுப்பு யாருடையது?

துணியில் பாவு நெடுகக் கோடு விழுந்தால், குற்றம் இழையிலா, அச்சிலா என்று ஆராயாமல் நெசவாளர் எவரும் தறியைக் குறை கூறுவதில்லை. சங்க அலுவலகக் கணிப்பொறித் திரையில் கோடு விழும்பொழுதும் அந்த நிதானமே வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. கடன் கணக்கு கணிப்பொறியில் ஏறிய சங்கத்தில், திரை மங்கினால் அங்கத்தினரின் பட்டுவாடாவும் தாமதப்படும்.

முதற் சோதனைக்குச் செலவில்லை. ஒளியையும் நிறத்தையும் திருத்துவதற்கு மானிட்டரிலேயே பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் தோன்றும் பட்டியலை மானிட்டரே வரைகிறது, சி.பி.யூ.வுக்கு அதில் பங்கில்லை. கோடு அப்பட்டியலின் மீதும் ஓடினால் பழுது மானிட்டரைச் சார்ந்தது. பட்டியல் தெளிவாயிருக்க, அதன் பின்னுள்ள காட்சி மட்டும் சிதைந்திருந்தால், கேபிளையோ சி.பி.யூ.வையோ ஐயுற வேண்டும்.

அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, மீண்டும் இறுகப் பொருத்துக. பழைய வி.ஜி.ஏ. கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன. சிவப்புக் கம்பி அறுந்தால் வெண்மையான திரை நீலப்பச்சையாகத் தோன்றும்; கேபிளை மாற்றினாலே போதும். பின்னும் ஐயம் இருப்பின், அதே மானிட்டரை வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பார்க்கலாம். கோடு உடன் சென்றால் குற்றம் மானிட்டருடையதே.

பழுது மானிட்டரிலோ சி.பி.யூ.விலோ என்று தெரிந்தால், உள்ளூர்க் கடையில் திறந்து பார்க்கச் செய்தல் கூடாது. அதனால் உத்தரவாத உரிமை பறிபோகக்கூடும். மானிட்டருக்கும் சி.பி.யூ.வுக்கும் தொடர் எண்கள் வேறு. உத்தரவாதக் காலமும் வேறுபடலாம். பில், உரிய தொடர் எண், தேதியுடன் கூடிய புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, எழுத்து மூலம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சி.பி.யூ.வை அனுப்ப நேரின், கணக்குகளை முன்னதாகப் பிரதியெடுத்து வைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது பெறுதல் அவசியம்.

ஒரு சங்கத்தார் பழுதைத் தொலைபேசியில் மட்டும் தெரிவித்துவிட்டுக் காத்திருந்தனர். உத்தரவாதக் காலம் முடிந்தபின், முன்னரே சொன்னதற்குச் சான்றில்லை. புதிய மானிட்டரின் விலை சங்கச் செலவில் ஏறியிருந்ததை ஆய்வின்போது கண்டோம். அப்பணம் அங்கத்தினருடையது. ஆகவே, உத்தரவாதச் சீட்டு எங்கே உள்ளது, அது எந்நாளில் முடிகிறது என்று பேரவைக் கூட்டத்தில் கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமையாகும்.