அடிபட்ட பெண்ணுக்கு மருத்துவமனையில் தனி அறை

கணவன் அடித்த காயத்தோடு ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போகும் பெண், "குளியலறையில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று மறைக்கத் தேவையில்லை.

1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஒருங்கிணைந்த நெருக்கடி சேவை மையம் பின்னர் மற்ற அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கும் வந்தது. பெயர்தான் பெரிது. அங்குத் தனி அறையில், கணவர் உடனில்லாமல் பேசலாம். மருத்துவர் காயங்களைப் பார்த்துப் பதிவு செய்வார். வழக்கு என்று வந்தால் அந்தக் குறிப்பே பெரிய சாட்சி. ஆறிப்போன காயத்தில் எழுத அதிகமிருக்காது. அன்றே போவது நல்லது.

போலீஸ் புகாருக்குத் தயங்குவோரும் உண்டு, பிள்ளைகளின் அப்பாவாயிற்றே! 2017 சட்டத் திருத்தப்படி, நீதிமன்றம் போகாமலே சமூக நல அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம்.

தாலியான் காசே: 15999, 24 மணி நேரமும்.